மல்லிக்குக் குடும்பக் கதை, சம்பங்கிக்குச் சிரிப்பு

பூக் கட்டுவதில் கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு. காதுக்கு ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிற காதுதான் சண்டையை இழுத்துக்கொண்டு வரும்.

ஸ்பீக்கர் வந்த அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளி வசந்தா. கட்டுகிறவர்கள் நான்கு பேர்: நால்வரில் மூத்த முனியம்மா, கதை என்றால் சோற்றையும் மறக்கிற தேவகி, பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி, ஆந்திராவின் நகரியில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட பத்மா. ஆக ஐந்து. பூவை நிறுத்துக் கொடுத்து, கட்டிய சரத்தை அளந்து, மாலையை எண்ணி வைக்கிற நான் ஆறு. ஸ்பீக்கரைக் கொண்டுவந்த வசந்தாவின் மகன் வாசலோடு போய்விட்டதால் அவனைச் சேர்க்கவில்லை.

எங்கள் கடை மலைப்படிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. கடைக்குப் பின்னால் கொட்டகை. ஸ்பீக்கரை என் போனோடு சேர்த்தார்கள், ஏனென்றால் யாரும் கூப்பிடாத போன் என்னுடையது ஒன்றுதான். முதல் நாள் பாட்டு போட்டோம். யாருக்குப் பிடித்த பாட்டு முதலில் என்று மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்குப் பேச்சு நின்றுபோனது. பிறகு செல்விதான் பாட்காஸ்ட் என்று ஒன்றைக் காட்டினாள். ரேடியோ நாடகம் மாதிரிதான், ஆனால் நாம் எப்போது உட்காருகிறோமோ அப்போது தொடங்கும். எதைப் போடுவது என்று முடிவு செய்யும் வேலை போன்காரனுக்கு வந்தது.

நான் ஆறாவதோடு நின்றவன். பெண்கள் நடுவில் பேசக் கூச்சம். அந்தக் கொட்டகையில் அதுவரை என் வாயிலிருந்து எண்களைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. "பத்து முழம்", "இருபது மாலை", அவ்வளவுதான். இப்போது காலையில் போனதும் "நைனா, இன்னிக்கு இன்னா கதை?" என்று நான்கு பேர் என்னைக் கேட்டார்கள்; முனியம்மாவுக்கு மட்டும் நான் நைனா இல்லை, அண்ணா. எனக்கும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. ஏடாகூடமாக எதுவும் வந்துவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் முதல் நாளே வீட்டில் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் கொண்டுபோவேன். இருந்தும் மாட்டிக்கொள்வேன். கேட்பதற்கு நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று யாரோ கேட்டு, நம்பிச் சொல்லி, மறுநாள் அவர் வருகிற தெருவைத் தவிர்த்து நடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நூலாகிப் போன மாலை

சிரிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'ஒரே மாமனார்'. இரண்டு சகலைகள் உட்கார்ந்து தங்கள் மாமனாரைப் பற்றிப் பேசுவார்கள். மாமனார் வீட்டில் மின்விசிறி ஒன்று, மாப்பிள்ளைகள் இரண்டு. அது யார் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதை ஒரு பகுதி முழுக்கப் பேசினார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கொண்டே கேட்டதால் உறுதியாகச் சொல்ல முடியும்.

செல்விக்குச் சிரிப்பு வாயில் வராது, தோளில் வரும். அன்றைக்குக் கட்டியது கல்யாண மாலை. மல்லியில் இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து நூலைச் சுற்றி இழுக்க வேண்டும். இழுக்கிற நேரத்தில் தோள் குலுங்கினால் முடிச்சு உட்காராது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நான் அளந்தபோதும் அளவு சரியாக இருந்தது. மறுநாள் கனகம்மாசத்திரத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். கோபப்படவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று நிதானமாகச் சொன்னார்:

"மாலைய மூணு தரம் மாத்தணுங்க. மொத தரம் மாலையா இருந்துச்சி. ரெண்டாந்தரம் சரமா இருந்துச்சி. மூணாந்தரம் என் மாப்ள கழுத்துல நூலு தாங்க இருந்துச்சி."

ஊசியும் தோள் மேல் கையும்

இனிமேல் சிரிப்பு வேண்டாம் என்று வசந்தா சொல்லிவிட்டாள். சரி, சிரிக்க முடியாத ஒன்றாக இருக்கட்டும் என்று 'மூணாவது பிளாட்பாரம்' கொண்டுபோனேன். கதைப் பிரியர்களுக்கு இதைவிட நல்லது என்னிடம் இல்லை. ஒரு ஜங்ஷனில், கடைசி பெஞ்சில், ஒருவர் செத்துக் கிடக்கிறார். சந்தேகத்துக்கு ஏழு பேர். பகுதிக்கு ஒருவராகக் கழித்துக்கொண்டு வருவார்கள். கணக்குத் தெளிவாக இருக்கும்.

அன்றைக்குச் சாமந்தி. சாமந்தியைக் கட்டுவதில்லை, நீள ஊசியில் கோர்ப்போம். கதையில் இன்ஸ்பெக்டர் இருட்டில் தனியாக நடந்துபோகிறார். காலடிச் சத்தம் வருகிறது. பிறகு சத்தம் நின்று, பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுகிறது. தேவகி உட்கார்ந்த இடத்தில் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தாள். ஊசி விரலில் ஏறியது. ரத்தம் பட்ட பூ சாமிக்கு ஆகாது. எந்தப் பூவில் பட்டது என்று தெரியாததால் கூடையோடு கொட்டினோம்.

வசந்தா கூடையைப் பார்த்தாள், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். "ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்குறேன் நைனா. கிருத்திகை ஆர்டர்ல ஒரு மாலை கொறஞ்சாலும் இது அரக்கோணத்துல என் மவன் வீட்டுக்குப் போயிடும்" என்றாள். ஸ்பீக்கர் போனால் மற்றவர்கள் பழையபடி சண்டை போட்டுக்கொள்வார்கள். நான்தான் பழையபடி எண்களுக்குத் திரும்ப வேண்டும். தேவகியைப் பார்த்தேன். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அதெல்லாம் இருக்கட்டும் நைனா. தோள்ல கை வெச்சது யாரு?"

நடுவில் வந்தவர்

அதற்குப் பிறகு நான் பூவைப் பார்த்துத்தான் கதையைத் தேர்ந்தெடுப்பேன். மல்லிக்குக் குடும்பக் கதை. அதில் அழுகை வந்தாலும் கை நிற்காது, கொஞ்சம் ஈரம் பூவுக்கு நல்லதுதான். சம்பங்கி தடித்த பூ, குலுக்கலைத் தாங்கும், அதற்குச் சிரிப்பு. அரளிக்குக் கொலை. ஊசி பிடிக்கிற அன்றைக்கு ராஜா கதை மட்டும். ராஜா கதையில் யார் வந்தாலும் வாசலிலேயே கட்டியம் கூறி அறிவித்துவிடுவார்கள்.

மல்லிக்கு என்று நான் வைத்திருப்பது 'ஈரத்துணி'. ஒரு அம்மா வாரம் ஒரு குடும்பக் கதை வாசிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அன்றைய கதையில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். சண்டை போட்டுக்கொண்டு போன மூத்த மகளின் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகள் பஸ் பிடித்து ஓடி வருகிறாள். கதவைத் திறக்கிறாள். பெரியவர் வாயைத் திறக்கிற நேரத்தில் ஒரு ஆம்பளைக் குரல், "காலையில் வயிறு சுத்தமாகவில்லையா? எத்தனை நாளாக அவதிப்படுகிறீர்கள்?" என்று கேட்டது. விளம்பரம். நான் வீட்டில் கேட்டபோது சத்தியமாக அது இல்லை. நான் போனைத் தேடி எடுத்து நிறுத்துவதற்குள் அந்த ஆள் மாத்திரையின் பேர், எப்போது போட வேண்டும், எத்தனை போட வேண்டும் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. முனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாவம் அண்ணா, அந்த மனுசனுக்கு அது தான் கஷ்டமா? மொதல்லியே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு எப்பவோ வந்திருக்கும்."

புத்தூர் வரை

கடைக்கு வருகிறவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார். தினமும் சாயங்காலம் திருப்பதி போகிற ரயிலில் வந்து இங்கே இறங்கி, வீட்டுக்கு ஒரு முழம் வாங்கிக்கொண்டு போவார். கொட்டகைச் சத்தத்தை நின்று கேட்டுவிட்டு, "ரயில்ல பொழுதே போவ மாட்டேங்குதுங்க, எனக்கும் ஒன்னு சொல்லுங்க" என்றார். சிரிப்பா, கதையா என்று கேட்டேன். கதை என்றார். பூ எதுவும் கையில் இல்லாதவருக்கு எதையும் சொல்லலாம் என்று 'மூணாவது பிளாட்பாரம்' சொன்னேன்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். திருத்தணி வந்ததும் தெரியவில்லையாம், போனதும் தெரியவில்லையாம். ஐந்தாவது ஆள் கழிந்து தலையை நிமிர்த்தினால் வெளியே தெலுங்குப் போர்டு. இந்தப் பக்கத்தில் யாருக்கு எலும்பு முறிந்தாலும் கட்டுப் போட ஆந்திராவில் இருக்கிற புத்தூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மனிதர் அங்கே இறங்கியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் பூவை வாங்கிப் பையில் வைத்தபடி சொன்னார்:

"புத்தூர்ல இருக்கேன்னு வீட்டுக்கு போன் பண்ணங்க. எப்படிப் போனன்னு கேக்கல, எப்ப வருவன்னு கேக்கல. 'கையா, காலா?'ன்னு கேட்டாங்க."

யாருக்கும் தெரியாத தெலுங்கு

பத்மா கொஞ்ச நாளாகவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "தமிழ்லியே போட்டுகினு இருந்தா நான் எப்பத்தான் சிரிக்கிறது? நகரியில எங்க பாவா, அக்கா வூட்டுக்காரரு வீட்ல ஒரு தெலுங்குக் கதை கேக்குறாங்க, அதைப் போடுங்க நைனா" என்றாள். செல்வி கூடாது என்றாள். தேவகியும் கூடாது என்றாள். முனியம்மா, "எனக்கு ஒரு அட்சரம் தெலுங்கு வராது" என்று நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். எனக்கு வந்தது தராசுத் தெலுங்கு, எடை சொல்லத் தெரியும். இருந்தாலும் வீட்டில் கடைசி வரை கேட்டேன். ஒரு மாமியார், மருமகள் ஒளித்துவைத்த மாங்காய் ஊறுகாயைத் தேடி வீட்டையே கலைக்கிற கதை. யாரும் சாகவில்லை.

மறுநாள் சம்பங்கி வந்தது, போட்டேன். பத்மா சிரிப்பதற்கு முன்னால் முனியம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு இருமலாக மாற்றினாள். மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் இடத்தில் தேவகி மூக்கை உறிஞ்சினாள். செல்வி மட்டும் அசையாமல் இருந்தாள். ஆனால் ஊறுகாய் ஜாடி பரணில் இருக்கிறது என்று கதையில் சொன்னபோது அவள் கண்ணும் எங்கள் கொட்டகைக் கூரைக்குத்தான் போனது. முடிந்ததும் யாருக்காவது புரிந்ததா என்று பொதுவாகக் கேட்டேன். நான்கு பேரில் மூன்று பேர் இல்லை என்றார்கள். முனியம்மா நூலை அறுத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு ஒரு வார்த்தை புரியல அண்ணா. ஆனா அந்த மாமியாக்காரி செஞ்சது தப்பு."

கிருத்திகைக்கு முந்தின நாள்

அந்தக் கனகம்மாசத்திரத்துக்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை காவடிக் கூட்டத்தோடு. பூக்காவடிக்கு நாற்பது மாலை, கிருத்திகைக்கு முந்தின நாள் விளக்கு வைப்பதற்குள் வேண்டும் என்றார். "இது முருகன் கழுத்துக்குப் போறது. படி ஏறி முடிக்கிற வரைக்கும் மாலையாவே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வசந்தா என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

அந்த நாளுக்கென்றே 'மூணாவது பிளாட்பார'த்தின் கடைசிப் பகுதியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். செல்வியிடமும் போன் இருந்தது, ஆனால் தனியாகக் கேட்க மாட்டேன் என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்திருந்தாள். முதல் நாள் வழக்கம்போல வீட்டில் கேட்டுச் சரிபார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் போட்டால், போனில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஊரில் கால் வைக்க இடமில்லை. அத்தனை காவடியோடும் அத்தனை போன் வந்திருக்கிறது. "டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கலாமே நைனா" என்றாள் செல்வி. அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

காது சும்மா இருந்தது. கொலைகாரன் யார் என்று செல்விக்கும் பத்மாவுக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. பேச்சு கொலைகாரனை விட்டு, போன மாசம் யார் யாருடைய கத்தரியை எடுத்தார்கள் என்பதற்குப் போனது. கைகள் மடியில் இருந்தன. எண்ணினேன். பதினெட்டு மாலை. வெயில் சாயத் தொடங்கிவிட்டது. வசந்தா வந்தாள், ஸ்பீக்கரைப் பிடுங்கி, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். "சும்மா தானே கெடக்குது" என்றாள்.

தேவகிதான் கையைக் காட்டினாள். "நைனா தான் நேத்தே கேட்டுட்டாரு இல்ல? அவரு சொல்லட்டும்."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். எண்தான் வந்தது. "ஏழு பேர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "ஏழு பேரில் ஐந்து பேர் கழிந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான்குதான் கழிந்திருக்கிறது. ஒருவரை நாம் சரியாகக் கழிக்கவில்லை" என்றேன். தேவகியின் கை நூலை எடுத்தது. முனியம்மா, "கொஞ்சம் சத்தமா அண்ணா, காது மந்தம்" என்றாள். சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பத்மாவும் செல்வியும் ஊசியில் சாமந்தி கோர்த்துக்கொண்டிருந்ததால் பயங்கரமான இடங்களில் எச்சரிக்கையாக இருந்தேன். "இப்போது பின்னாலிருந்து ஒரு ஆள் வரப்போகிறான், ஊசி வைத்திருப்பவர்கள் கீழே வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் அவனை வரவிட்டேன். வந்து போனதும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கூடையில் பூ பாதி இருந்தது, கதை முடியப்போனது. நிறுத்தினால் கையும் நிற்கும் என்று பயந்து இன்ஸ்பெக்டரை ஒரு டீ குடிக்க வைத்தேன். அப்புறம் கதையிலேயே இல்லாத ஒரு கூட்ஸ் ரயிலை மூணாவது பிளாட்பாரத்தில் விட்டேன். பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு பத்தொன்பதுக்கு வந்தபோது செல்வி, "நைனா, பெட்டிய எண்ணாதீங்க, ஆளப் புடிங்க" என்றாள். எப்போது என்று தெரியாது, வசந்தாவும் ஒயரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். கொலைகாரன் யார் என்று நான் சொன்னபோது ஐந்து பேரும் ஒன்றாக "ஐயோ" என்றார்கள். அது யார் என்பதை உங்களுக்குச் சொல்லமாட்டேன், நீங்களே கேளுங்கள். கையில் ஊசி இல்லாமல் கேளுங்கள்.

கனகம்மாசத்திரத்துக்காரர் வந்து ஒவ்வொரு மாலையையும் இரண்டு கையால் பிடித்து உதறிப் பார்த்து வண்டியில் ஏற்றினார். ஒரு பூகூட உதிரவில்லை. அவர் போனதும் வசந்தா மடியிலிருந்த ஒயரைப் பிரித்து, ஸ்பீக்கரைப் பழைய இடத்தில் வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"இது இங்கியே இருக்கட்டும் நைனா. நெட்டு இல்லாத அன்னிக்கு நீங்க இருக்கீங்க இல்ல."

பேசுகிற வாயால் எண்ண முடியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்: கேட்டது நாற்பது, வண்டியில் போனது நாற்பது, கதை முடிகிற வரை ஒருவரும் கையை நிறுத்தாததால் கொட்டகையில் மிச்சம் மூன்று.